தொழுவத்தில் நின்ற மாரிஸ்

என் அத்திம்பேர் பிச்சுமணிக்குத் துருவைக் கண்டால் கோபம் வரும். மற்றவர்களுக்குச் சாம்பாரில் உப்புக் கூடினால் வரும், மேலதிகாரி முறைத்தால் வரும். இவருக்கு ஒரு கதவுக் கீலில் சிவப்பாகக் கொஞ்சம் பொடி தெரிந்தால் போதும். கல்யாண வீட்டுக்குப் போவார். மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார், பெண்ணைப் பார்க்க மாட்டார். வாசல் கேட்டின் தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "இது எண்ணெயைக் கண்டு எத்தனை வருஷமாச்சோ, பாவம்" என்பார். பெண் வீட்டார் முகம் போகிற போக்கைப் பக்கத்தில் நின்று நான்தான் சகிக்க வேண்டும்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தாசையன் முதலாளியின் இரும்புக் கடையில் அவருக்கு வேலை. வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து கோவிலுக்குப் போனவர்கள் உண்டு, சர்க்கார் கச்சேரிக்குப் போனவர்கள் உண்டு, இரும்புக் கடைக்குப் போனவர் இவர் ஒருவர்தான். "ஆணி நிறுக்கற அய்யர்" என்று தெருவில் பெயர். நான் ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. எனக்கு மேஜையும் தலைக்கு மேலே விசிறியும் இருந்தபடியால் தெருவில் என்னைக் கண்டால் எழுந்திருப்பார்கள். ஆனால் சாயங்காலம் வீடு திரும்பும்போது சிரித்த முகத்தோடு வருகிறவர் அவர்தான், நான் இல்லை. இது எனக்கு வெகுநாள் எரிச்சலாகவே இருந்தது.

அவர் மனைவியான என் அக்கா அனந்தலக்ஷ்மி இல்லாமல் அத்திம்பேர் கதை இல்லை. கல்யாணமான சில வருஷத்தில் அவளுக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. உயிர் மிஞ்சியது, கால்கள் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு ஒரு பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி நகர்ந்தே அவள் அந்த வீட்டை நடத்தினாள். அத்திம்பேர் அடுக்களை அலமாரிகளை எல்லாம் பெயர்த்தெடுத்து, அவள் உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் அடித்துக் கொடுத்தார். அந்த வீட்டில் காப்பிப் பொடி எடுக்க மற்றவர்கள்தான் குனிய வேண்டும். குழந்தை குட்டி இல்லை. தொழுவத்தில் கோமதி என்று ஒரு பசு இருந்தது. அதுவும் ஒரு வருஷம் செத்துப்போய்விட்டது.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசைதான். ஆறாட்டுப் பார்க்க வேண்டும். பத்மநாப ஸ்வாமி கோட்டையிலிருந்து புறப்பட்டுச் சங்குமுகம் கடலுக்கு நீராடப் போகிறதை நாங்கள் சின்ன வயதில் ஒரு தரம் விடாமல் பார்த்திருக்கிறோம். கால் போன பிறகு ஒரு முறை வில்வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனோம். வண்டி கோட்டையைத் தாண்டவில்லை, குலுக்கல் தாங்காமல் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஒரு மாதம் படுக்கை. இனி மாட்டு வண்டி கூடவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். "நாலு ஆளை வைத்து நாற்காலியில் தூக்கிண்டு போகலாமே" என்று நான் யோசனை சொன்னேன்.

"ஸ்வாமியைப் பாக்கப் போற எடத்திலே ஊரெல்லாம் என்னைப் பாக்கணுமா? வேண்டாம்" என்றாள்.

வாடகை மோட்டார்க்காரர்களோ ஆறாட்டு அன்றைக்குப் பெரிய மனிதர்கள் வீட்டுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு ஆறாட்டுக்கும் புறப்பாட்டு வெடிச் சத்தம் கேட்டதும், அவள் அடுக்களையில் மேற்குப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கும்பிடுவாள். ஒரு வருஷம் அப்படிக் கும்பிட்டுவிட்டு, யாரிடம் என்றில்லாமல், "சத்தம் மட்டும் கேட்டுக் கேட்டு ஸ்வாமி முகமே மறந்து போறது" என்றாள்.  அத்திம்பேர் ஒரு கோடாலிக் காம்பைச் செதுக்கிக்கொண்டிருந்தார், அதைக் கீழே வைத்தார்.

அதன் பிறகுதான் அந்த மாரிஸ் கார் வந்தது.

தாசையன் முதலாளி வெகு காலம் முன்னால் ஓட்டிய கார் அது. புதிது வாங்கியதும் பழையதை வலியதுறைக் கடற்கரைக் கிடங்கில் தள்ளிவிட்டார். உப்புக் காற்று பல்லில்லாமலே தின்னும். முதலாளியின் டிரைவர் ஞானையன் அவ்வப்போது போய் எஞ்சினைச் சுற்றி வைத்ததால் எஞ்சின் பிழைத்தது, உடம்புதான் போயிற்று. கதவின் அடிப்பாகம் சல்லடை, தரைத் தகடு இருந்த இடத்தில் மண் தெரிந்தது, சக்கரத்து மண் தாங்கிகள் தொட்டால் உதிர்ந்தன. அதை உடைத்து எடைக்குப் போடச் சொல்லி முதலாளி உத்தரவு போட்ட அன்று அத்திம்பேர் அவர் முன்னால் போய் நின்றார்.

"முதலாளி, அதை எனக்குத் தரணும்."

"அது காரில்ல அய்யரே, காருக்க எலும்பு. என்ன செய்யப் போறீரு?"

"ஆத்துக்காரியை ஆறாட்டுக்குக் கூட்டிண்டு போகணும்."

தாசையன் முதலாளி வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏசுவைக் கும்பிடப் பள்ளிக்குப் போகிறவர். ஆறாட்டு அவருக்கு என்ன? ஆனாலும் அத்திம்பேர் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொண்டு போம். ஞானையனையும் வரச் சொல்லுதேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் நான் இன்றைக்கும் மனத்துக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

மோட்டார் கார் மாடு பூட்டிக்கொண்டு வந்த அழகை எங்கள் தெரு மறக்கவில்லை. பின்சந்து வழியாக இழுத்து, வேலியைப் பிரித்து, கோமதி நின்ற தொழுவத்தில் கொண்டு நிறுத்தினார்கள். மேலே ஓலைக் கூரை, கீழே பழைய சாணத்தரை, நடுவே துருப்பிடித்த மாரிஸ். மறுநாளே கிண்டல் ஆரம்பித்தது. "பிச்சுமணி, புது மாடு எத்தனை படி கறக்கும்?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "புல்லுச் செலவு இல்லே பாருங்கோ, அது லாபமாக்கும்" என்றார் அத்திம்பேர்.

ஆவணியில் தொடங்கிய வேலை. கடை விட்டு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொழுவத்துக்குள் நுழைவார். கம்பி பிரஷ், உப்புத்தாள், மண்ணெண்ணெய்த் துணி. அரிக்கப்பட்ட இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ஆணி அடித்து இறுக்குவார். ஞாயிற்றுக்கிழமை பள்ளி முடிந்து ஞானையன் வருவான். கதவையும் மண் தாங்கியையும் அவன் கழற்றித் தருவான். ஒரு வேதக்காரன் அக்ரஹாரத்துக் கொல்லையில் நாள் முழுக்க இருக்கலாமா என்று இரண்டு வீடு தள்ளி முணுமுணுப்பு எழுந்தது. அக்கா காதில் விழுந்தது. "கார் சீக்காக் கெடக்கறது. வைத்தியன் வரப்படாதோ?" என்றாள். முணுமுணுப்பு அடங்கிவிட்டது. அவனுக்குக் காப்பி போனது, முறுக்குப் போனது, வெல்லப் பாயசம் கூடப் போனது.

அக்காவும் சும்மா இருக்கவில்லை. கழற்றிய சாமான்களை முற்றத்தில் அவள் முன்னால் போடுவார்கள். புளி, சாம்பல், தேங்காய் நார். வெண்கலப் பானையைத் தேய்க்கிற அதே தேய்ப்பு. தேய்த்ததும் கழுவி, ஈரம் நிற்க விடாமல் துடைத்து, வெயிலில் வைப்பாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவர்கள் இருவரும் சேர்ந்து அடித்த அடியில் கடற்காற்று தின்ற மிச்சம் ஐப்பசிக்குள் வெள்ளிப் பாத்திரமாகிவிட்டது. கழற்றியதை எல்லாம் மறுபடி பூட்டி நிறுத்தியபோது, கிண்டல் செய்த எதிர்வீட்டுக்காரர் கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கொள்ளாம், கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சினார்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்த அடுத்த வாரம் ஆறாட்டு. தீபாவளியன்று காலையில் நல்ல நேரம் பார்த்துக் காவி நிற அடிப் பெயிண்ட் போடுவது, காய்ந்ததும் மேலே பச்சைப் பெயிண்ட், ஆறாட்டுக்குப் புறப்பாடு. இதுதான் திட்டம். பெயிண்டை முதலாளி கடையிலிருந்தே கொடுத்தனுப்பிவிட்டார். தீபாவளிக்கு முந்தின நாள் ஞானையன் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "சாமி, பெயிண்ட் போடுகது வரைக்கும் ஆரும் தொடாம பாத்துக்கிடுங்க. கை வேர்வை பட்டாலே பெயிண்ட் பிடிக்காது" என்று சொல்லிப் போனான். அக்கா அப்போது உள்ளே தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தாள். எண்ணெய் கொதிக்கிற சத்தத்தில் கொல்லையில் பேசுவது அடுக்களைக்குக் கேட்காது.

விடிந்தது தீபாவளி. எங்கள் வீடுகளில் அன்றைக்கு மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை வீட்டுப் பெண்தான் எல்லார் தலையிலும் வைப்பாள். வைக்காமல் யாரும் குளிக்கக் கூடாது. அக்கா அத்திம்பேர் தலையில் வைத்தாள். அவர் குளித்து, புது வேட்டி உடுத்து, கோவிலுக்குப் போனார். நான் லேகியத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவரும் கோவிலிலிருந்து திரும்பிப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

கார் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பலகை மேல் அக்கா, மடியில் எண்ணெய்க் கிண்ணம், முழங்கை வரைக்கும் எண்ணெய். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"கோமதி இருந்தா அதுக்கும் வெப்பேனோல்லியோ? இப்போ தொழுவத்திலே நிக்கறது இதுதானே" என்றாள். "தலையிலே மட்டும் வெச்சாப் போறுமா? இதுக்கு ஒடம்பெல்லாம்னா சீக்கு. அதான் சுத்தித் தேச்சுட்டேன்."

துருவைத் தவிர வேறெதையும் திட்டாத மனிதர் அன்றைக்கு அவளைத் திட்டினார். "புத்தி இருக்கா ஒனக்கு? எண்ணெய் பட்ட இரும்பிலே பெயிண்ட் நிக்குமாடி? இத்தனை மாசம் ரெண்டு பேரும் கெடந்து தேச்சதெல்லாம் போச்சு. இனிமே ஆறாட்டும் இல்லே, ஒண்ணும் இல்லே!"

அக்காவின் சிரிப்பு நின்றது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எண்ணெய் தேச்சா சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினாப் போறது" என்றாள் மெல்ல.

"காருக்குச் சீயக்காயா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அத்திம்பேர் வெளியே போய்விட்டார். எங்கே போவார்? சாலையில் கடையெல்லாம் அடைப்பு. எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கார் போனால் போகிறது, தீபாவளியும் அதுவுமாக என் அக்காவை அழவைக்க இவர் யார் என்று குதித்தேன்.

"நீ சும்மாயிருடா சுந்தரம்" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எனக்காகத்தான் என்னைத் திட்டினார்."

மத்தியானம் கழிந்ததும் கிழக்கே கறுத்தது. ஐப்பசி மாதத்து இடிமழையைத் திருவனந்தபுரத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு வந்தது வேறு தினுசு. முதல் காற்றிலேயே தொழுவத்து ஓலைக் கூரை பிய்த்துக்கொண்டு எதிர்வீட்டுக் கிணற்றடியில் போய் விழுந்தது. நனைந்துகொண்டே ஓடி வந்த அத்திம்பேரும் நானும் ஜமக்காளத்தைப் போட்டோம், பாயைப் போட்டோம். எதுவும் நிற்கவில்லை. அந்த மழை மறுநாளும் விடவில்லை. அத்திம்பேர் கொல்லைக் கதவைச் சாத்தி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். வெறும் இரும்பு ஒரு ராத்திரி ஈரத்துக்கே சிவந்துபோகும் என்று அவருக்குத் தெரியாதா? ஐயர் வருகிற வரைக்கும் அமாவாசை காத்திருக்குமா? ஆறாட்டும் காத்திருக்காது. அக்கா தட்டில் சாதத்தைப் பிசைந்து கொண்டுவந்து வைத்தாள், அவர் இரண்டு கவளம் தின்றார். 

அதற்கு மறுநாள் வெயில் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. "நீ போய்ப் பாருடா" என்று அக்கா என்னை அனுப்பினாள்.

நான் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "அத்திம்பேர்! இங்கே வாங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே வந்திருக்கும்.

காரின் மேல்பாகம் முழுக்கச் செம்மண் பூசினாற்போலத் துரு. கீழ்ப்பாகத்தில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. மழைத்துளிகள் சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றன, தொட்டால் உருண்டு ஓடின. மேலே சிவப்பு, கீழே வெள்ளி; நடுவில் ஒரு கோடு. முன்னால் மூக்கில் அந்தக் கோடு, கதவில் அந்தக் கோடு, பின்னால் அந்தக் கோடு, சுற்றிலும் ஒரே உயரம்.

அத்திம்பேர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு சேற்றையும் பார்க்காமல் காருக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வலது கையை மேலே நீட்டினார். அவர் கை நீளம், கோட்டுக்குச் சற்று மேலே போயிற்று. கையை மெல்ல இறக்கிக் கோட்டின் மேல் வைத்தார். எழுந்திருக்கவே இல்லை. அவர் தோள் குலுங்கியது. நான் வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். என் கண்ணும் சரியாக இல்லை.

உள்ளே போய் அக்கா முன்னால் தரையில் உட்கார்ந்து, "அனந்தம், காரை நான் காப்பாத்தலே. நீயாக்கும் காப்பாத்தினே. நான் என்னென்னவோ பேசிட்டேன்" என்றார்.

"மொதல்லே காப்பியைக் குடிங்கோ" என்றாள் அக்கா. "அப்பறம் சீயக்காய் ஊற வெக்கணும்."

சாயங்காலம் ஞானையன் வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தான். "சாமி, அன்னைக்கு நீங்க பெயிண்ட் அடிச்சிருந்தா காயாத பெயிண்ட் அவ்வளவும் மழையில ஒழுகிப் போயிருக்கும். அடியில ஈரம் இறங்கியிருக்கும். அம்மைக்க எண்ணெய்தான் வண்டியக் காப்பாத்தியிருக்கு."

அந்த வாரம் அக்கா வீட்டுக் கொல்லையில் நடந்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அண்டா அண்டாவாக வெந்நீர். அக்கா சீயக்காய்க் கூழைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, பலகையில் நகர்ந்து நகர்ந்து, தான் தேய்த்த எண்ணெயைத் தானே எடுத்தாள். அத்திம்பேர் பின்னாலேயே வெந்நீர் விட்டுத் துடைத்துக்கொண்டு போனார். நான் கும்மட்டி அடுப்பில் கரி போட்டு, ஈரம் காய வண்டிக்கு அடியில் வைத்து விசிறினேன். கச்சேரியில் விசிறிக்குக் கீழே உட்காருகிற எனக்கு அந்த உத்தியோகம். ஞானையன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒவ்வொரு இடமாக ஒற்றிப் பார்த்தான். தாளில் கறை இல்லை. "மோட்டார்ப் பட்டறையிலகூட இத்தனை சுத்தமா எடுக்க மாட்டாங்க" என்று சிரித்தான். மேல்பாகத்துத் துருவை அத்திம்பேர் மறுபடி சுரண்டினார். அடிப் பெயிண்ட் ஒன்றுதான் போட முடிந்தது, பச்சைக்கு நேரமில்லை.

அதனால் என் அக்கா காவி நிறத்து மாரிஸில் ஆறாட்டுக்குப் போனாள். சன்னியாசம் வாங்கிக்கொண்ட கார் என்று எதிர்வீட்டுக்காரர் பெயர் வைத்தார். அத்திம்பேர் அவளைத் தூக்கி, மூன்று தலையணைக்கு நடுவே பின் ஸீட்டில் உட்கார வைத்தார். ஞானையன் முட்டையைக் கொண்டுபோகிறவன் மாதிரி ஓட்டினான். வெயில் தாழுமுன்பே போய்ச் சங்குமுகம் சாலையோரம் ஒரு தென்னை மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். மடக்கு மேற்கூரையை இறக்கிவிட்டோம். காரில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் அன்றைக்கு ஏராளம். இவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

யானை வந்தது, குதிரை வந்தது, பட்டாளம் வந்தது. பின்னால் தீவட்டிகளுக்கு நடுவே கருட வாகனம். அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். அத்திம்பேர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமோ? கடற்காற்று பட்டு உப்புப் படியுமே என்று மேல்துண்டால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, ஸ்வாமியைப் பாருங்கோ!" என்று அக்கா அதட்டினாள். "துருவை நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாகனம் எங்களைக் கடந்து கடற்கரைக்கு இறங்கும் வரைக்கும் அவள் கையை இறக்கவில்லை. இறக்கிய பிறகு, "பாத்துட்டேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத் தாசையன் முதலாளிக்கும், ஞானையனுக்கும், அந்த இடிமழைக்கும், எல்லாரையும் விட ஆணி நிறுக்கிற என் அத்திம்பேருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் அப்பா மாப்பிள்ளை தேடி அலைந்தபோது, கச்சேரி உத்தியோகஸ்தன் ஒருவனும் கிடைக்காமல் போனானே, அந்த அதிர்ஷ்டத்துக்கும்தான்.

தை மாதம் மழை ஓய்ந்து பச்சைப் பெயிண்ட் அடித்தாயிற்று. காரை முதலாளியிடம் காட்டச் சாலைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனார்கள். அக்காவும் உள்ளே இருந்தாள். தாசையன் முதலாளி கடையை விட்டு இறங்கி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பச்சை உடம்பைச் சுற்றி, சுண்டுவிரல் அகலத்தில் மஞ்சளாக ஒரு கோடு ஓடியது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அய்யரே. கோட்டை மட்டும் எதுக்கு இவ்வளவு கீழ போட்டீரு? இன்னும் கொஞ்சம் மேல போட்டிருந்தா எடுப்பா இருக்குமே?"

அத்திம்பேர் துண்டால் அந்தக் கோட்டை ஒரு தரம் துடைத்தார்.

"அதுக்கு மேலே அவளுக்கு எட்டலே முதலாளி" என்றார்.